கல்லீரல் ஸ்கேனில் புற்றுநோய் வேடம் போடும் சாதுக் கட்டிகள்

வயிற்று வலிக்கோ சிறுநீரகக் கல்லுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய், எதிர்பாராமல் கல்லீரலில் ஏதோ ஒன்று தென்படுவது அன்றாடம் நடப்பதுதான். அறிக்கையில் ‘ஃபோக்கல் லீஷன்’ (ஓரிடத்தில் மட்டும் தெரியும் மாற்றம்) என்ற இரண்டு சொற்களைப் படித்ததுமே வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் கல்லீரல் நோய் எதுவும் இல்லாத ஒருவரிடம் இப்படித் தற்செயலாகக் கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை நீர்க்கட்டி, ரத்தக்குழாய்க் கட்டி, கொழுப்புத் திட்டு போன்ற தீங்கற்றவைதான். அதே அளவில், அதே பளிச்சென்ற தோற்றத்தில் ஒரு புள்ளி சிரோசிஸ் வந்த, அதாவது வடுவாகி இறுகிய கல்லீரலில் தெரிந்தால் அதை அப்படி விட்டுவிட முடியாது. புள்ளியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் இரண்டு பக்கமும் தவறுவார். அது எப்படிப்பட்ட கல்லீரலில் இருக்கிறது என்பதே பாதி விடை.

ஸ்கேன் பார்ப்பது ரத்தத்தை

சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ புற்றுநோய்ச் செல்லை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு திசுவுக்குள் ரத்தம் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைத்தான் அவை முக்கியமாகக் காட்டுகின்றன. கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குடல், மண்ணீரல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகின்றன. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் முதன்மையானது ஹெபடோசெல்லுலார் கார்சினோமா, சுருக்கமாக ஹெச்.சி.சி. அது வளர வளரப் போர்ட்டல் ரத்தத் தொடர்பை இழந்து, தமனி ரத்தத்தை மட்டுமே நம்பி வாழத் தொடங்குகிறது. ஸ்கேன் வழியாக அதைக் கண்டுபிடிக்கும் முறை முழுக்க இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

ரத்தம் போகும் இடங்களைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையிலுள்ள சிரையில் செலுத்திய பிறகு சுமார் 35 முதல் 40 நொடிக்குள் எடுப்பது பிந்தைய தமனிக் கட்டம். 60 முதல் 80 நொடிக்குள் எடுப்பது போர்ட்டல் கட்டம். 2 முதல் 5 நிமிடத்தில் எடுப்பது தாமதக் கட்டம். ஹெச்.சி.சி. தமனிக் கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிட வெளுத்துத் தெரியும். அடுத்த கட்டங்களில் கல்லீரல் முழுவதும் போர்ட்டல் ரத்தத்தால் வெளுக்கும்போது, அந்த ரத்தம் கிடைக்காத கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துப்போகும். இதற்கு வாஷ்அவுட் என்று பெயர். ஓரத்தில் மெல்லிய வளையம்போல ஒரு காப்ஸ்யூல் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011இல் முதலில் வெளியிட்ட லை-ராட்ஸ் என்ற வகைப்பாடு இந்த அடையாளங்களை விதிகளாக்கியது. அதன் 2018 பதிப்பின்படி, 10 மி.மீ.க்குக் குறையாத ஒரு முடிச்சு தமனிக் கட்டத்தில் வளையமாக இல்லாமல் வெளுத்து, பின்னர் ஓரத்தில் மட்டும் என்றில்லாமல் வாஷ்அவுட்டும் காட்டினால் எல்.ஆர்.-5 என்று குறிக்கலாம். அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லாமலேயே ஹெச்.சி.சி. என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். உடம்பில் வேறு எந்தப் புற்றுநோய்க்கும் இவ்வளவு எளிதாகப் படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழப்பங்களில் பெரும்பகுதி அதை மறப்பதால்தான் வருகிறது. சிரோசிஸ், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, இப்போதோ முன்போ ஹெச்.சி.சி. என இவற்றில் ஒன்றாவது இருப்பவருக்குத்தான் இந்த வகைப்பாடு பொருந்தும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொருந்தாது. பட்-கியாரி நோய், இதய நோயால் கல்லீரலில் ரத்தத் தேக்கம் போன்ற ரத்தக்குழாய்க் கோளாறுகளால் சிரோசிஸ் வந்தவர்களுக்கும் பொருந்தாது. காரணம் எளிது. ஹெபடைடிஸ் பி உள்ள 60 வயதுக்காரரின் சிரோசிஸ் கல்லீரலில், தமனிக் கட்டத்தில் வெளுத்துப் பின்பு கறுக்கும் 2 செ.மீ. முடிச்சு ஹெச்.சி.சி.யாக இருக்கவே அதிக வாய்ப்பு. ஆரோக்கியமான கல்லீரல் உள்ள 30 வயதுப் பெண்ணிடம் அதே தோற்றம் அடினோமாவாகவோ வேறொரு சாதுக் கட்டியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரோக்கியமான கல்லீரலுக்கு ‘எல்.ஆர்.-4’ (பெரும்பாலும் ஹெச்.சி.சி.) என்று எழுதப்பட்ட அறிக்கையைப் பார்த்தால், அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

படம் எடுத்த நேரமும் கெடுக்கும். சரியான பிந்தைய தமனிக் கட்டத்தில் தமனியும் போர்ட்டல் சிரையும் வெளுத்திருக்கும். கல்லீரலிலிருந்து வெளியேறும் ஹெபாட்டிக் சிரைகள் இன்னும் வெளுத்திருக்காது. பத்து நொடி முந்தினாலே நிஜமான ஹெச்.சி.சி. வெளுக்காமல் தப்பிவிடலாம். போர்ட்டல் கட்டம் மட்டும் எடுத்த சாதாரண வயிற்று சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு ‘புற்றா, இல்லையா’ என்று விவாதிப்பது வீண் வேலை. மூன்று கட்டமும் எடுத்துவிட்டுப் பேசுவதே முறை.

சின்ன ஹெமாஞ்சியோமா

கல்லீரலில் மிக அதிகமாகக் காணப்படும் சாதுக் கட்டி ஹெமாஞ்சியோமா என்னும் ரத்தக்குழாய்க் கட்டி. பெண்களிடம் கூடுதலாக வரும். பெரிய ஹெமாஞ்சியோமாவை அடையாளம் காண்பது சுலபம். கான்ட்ராஸ்ட் முதலில் ஓரத்தில் விட்டுவிட்டு, முடிச்சு முடிச்சாகத் தேங்கும். அந்த முடிச்சுகள் மகாதமனியின் வெளுப்புக்குச் சமமாக இருக்கும். பிறகு மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிரம்பும். நீரை வெளுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் தண்ணீர் போலப் பளிச்சிடும்.

2 செ.மீ.க்குக் குறைந்தவைதான் தொந்தரவு செய்கின்றன. இவற்றில் சில, தமனிக் கட்டத்திலேயே ஒரே மூச்சில் முழுக்க நிரம்பிவிடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு என்ற அடையாள வரிசை கண்ணில் படாது. மிச்சம் இருப்பது தமனிக் கட்டத்தில் வெளுத்த ஒரு சின்ன உருண்டை, ஹெச்.சி.சி.யும் அப்படித்தான் இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது அடுத்த கட்டங்களில் அது ரத்தக்குழாய்களோடு சேர்ந்து போகிறதா என்பதை. ஹெமாஞ்சியோமாவுக்குள் இருப்பது ரத்தமே. ஆகவே போர்ட்டல், தாமதக் கட்டங்களில் பக்கத்து ரத்தக்குழாய்கள் எவ்வளவு வெளுத்திருக்கின்றனவோ அவ்வளவே அதுவும் வெளுத்திருக்கும், கல்லீரலைவிடக் கறுக்காது. டி2 படத்தில் பளிச்சிட்டால் சந்தேகம் இன்னும் குறையும். நரம்பு-நாளமில்லாக் கட்டிகளிலிருந்து பரவியவை சிலவும் டி2வில் ஓரளவு வெளுக்கும் என்பதால், அந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிப்பதில்லை.

இதில் மருந்தே போடும் பொறி ஒன்று உண்டு. கடாக்ஸெடேட் என்ற எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் மருந்தில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்களே உள்ளிழுத்துப் பித்தநீரில் வெளியேற்றுகின்றன. கட்டிக்குள் கல்லீரல் செல் இருக்கிறதா என்று அறிய இது அருமையான வழி. ஆனால் மருந்து செலுத்தி 2 நிமிடம் ஆனதும் சுற்றியுள்ள கல்லீரல் மருந்தை உறிஞ்சி வெளுக்கத் தொடங்கிவிடும். ஹெமாஞ்சியோமாவில் கல்லீரல் செல் இல்லை, அது உறிஞ்சாது. விளைவு, சுற்றுப்புறம் வெளுக்க வெளுக்க அது கறுத்துப்போனது போலத் தெரியும். உண்மையில் அதிலிருந்து எதுவும் வெளியேறவில்லை. இந்தப் பொய் வாஷ்அவுட்டை நிஜமென்று நம்பினால், தமனியில் வெளுப்பு, பின்னால் கறுப்பு என்ற ஹெச்.சி.சி. வாய்பாடு அப்படியே பொருந்திவிடும். அதனால்தான் கடாக்ஸெடேட் பயன்படுத்தினால் வாஷ்அவுட்டைப் போர்ட்டல் கட்டத்தில் மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று லை-ராட்ஸ் கறாராகச் சொல்கிறது. 20 நிமிடத்தில் எடுக்கும் ஹெபடோபிலியரி கட்டத்தில் ஹெமாஞ்சியோமா நல்ல கறுப்பாக, பரவிய புற்றுநோயைப் போலவே தெரியும். அறிக்கையில் எந்தக் கான்ட்ராஸ்ட் என்று எழுதாமல் விட்டால் படிப்பவருக்கு இது எதுவும் பிடிபடாது.

வயதான ஹெமாஞ்சியோமாக்கள் வடுவாகி இறுகும்போது டி2 பளபளப்பும் போகும், கான்ட்ராஸ்ட் நிரம்புவதும் மந்தமாகும். கல்லீரலின் மேல்தோலை உள்ளே இழுத்துக் குழியாக்கவும் செய்யும். பித்தநாளப் புற்றுநோயும் அப்படித்தான் இழுக்கும். இப்படி இறுகியதைப் படத்தில் மட்டும் வைத்து உறுதி செய்வது கடினம். பழைய ஸ்கேன் இருந்தால் மட்டுமே நிம்மதி. ஐந்து வருடத்துக்கு முன்பு அதே இடத்தில் வழக்கமான ஹெமாஞ்சியோமாவாக இருந்தது என்று தெரிந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

வெளுத்ததெல்லாம் கட்டி இல்லை

தமனிக் கட்டத்தில் வெளுக்கும் பலவற்றுக்குப் பின்னால் கட்டி என்று எதுவுமே இருக்காது. ஓரிடத்தில் போர்ட்டல் ரத்தம் குறைந்தால் அந்தப் பகுதிக்குத் தமனி ரத்தம் ஈடுகொடுத்துக் கூடும். சில இடங்களில் தமனிக்கும் போர்ட்டல் கிளைக்கும் நேரடி இணைப்பு உண்டாகியிருக்கும். இரண்டிலுமே தமனிக் கட்டப் படத்தில் அந்தப் பகுதி மட்டும் வெளுக்கும். சிரோசிஸில் இத்தகைய தமனி-போர்ட்டல் இணைப்புகள் தாமாகவே ஏராளமாகத் தோன்றும். பயாப்சி ஊசி போன பாதையிலும் உண்டாகும். பித்தப்பை அழற்சியின்போது அதை ஒட்டிய கல்லீரலும் ரத்தம் கூடி வெளுக்கும்.

இவை பெரும்பாலும் ஆப்பு வடிவில், அகன்ற பக்கம் கல்லீரலின் மேல்தோலைத் தொட்டபடி இருக்கும். எல்லை நேர்கோடாக இருக்கும். ரத்தக்குழாய்கள் அந்தப் பகுதிக்குள் வழக்கம்போல, வளையாமல் ஓடும். முக்கியமாக, வேறு எந்தப் படத்திலும் அங்கே எதுவும் இருக்காது. போர்ட்டல் கட்டத்தில் மறைந்துவிடும். டி2வில் தெரியாது, நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் தெரியாது, ஹெபடோபிலியரி கட்டத்தில் பெரும்பாலும் மற்ற கல்லீரலைப் போலவே இருக்கும். ஆப்பாக இல்லாமல் உருண்டையாக, 1 செ.மீ. அளவில் தமனிக் கட்டத்தில் மட்டும் தெரிபவைதான் சிக்கல். சிரோசிஸ் உள்ளவரிடம் இப்படிப்பட்டவற்றில் பெரும்பகுதி அடுத்தடுத்த ஸ்கேன்களில் காணாமல் போகிறது. ஆகவே 3 முதல் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பதே வழக்கம். அவசரப்பட்டுப் பயாப்சி ஊசி போடுவதில்லை.

மாறான எச்சரிக்கையும் தேவை. ஆப்பு வடிவ வெளுப்பைக் கண்டதும் ‘ரத்த ஓட்ட மாற்றம்தான்’ என்று மூடிவிடக் கூடாது. ஆப்பின் நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே போர்ட்டல் கிளையை அடைத்தபடி ஒரு சின்னக் கட்டியோ, ரத்தக் கட்டோ உட்கார்ந்திருக்கலாம்.

கல்லீரலை எட்டுப் பிரிவுகளாகப் பிரித்து எண்ணிடுவார்கள். அதில் நான்காம் பிரிவின் முன்பகுதி மட்டும் தமனிக் கட்டத்தில் தீவிரமாக வெளுத்தால், கல்லீரலை விட்டு மார்புக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மேலுடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை அடைபட்டால், கையில் போட்ட கான்ட்ராஸ்ட் மார்புச் சுவரின் சிரைகள் வழியாகச் சுற்றி, தொப்புளைச் சார்ந்த சிரைகள் மூலம் அந்தப் பகுதிக்கு நேராக வந்து சேரும். கல்லீரலில் ஒரு குறையும் இருக்காது. நோய் மார்பில் இருக்கும்.

எஃப்.என்.ஹெச்., அடினோமா

ஃபோக்கல் நோடுலார் ஹைப்பர்பிளேசியா என்ற எஃப்.என்.ஹெச். ஹெமாஞ்சியோமாவுக்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது. 20 முதல் 50 வயதுப் பெண்களிடம் மிகுதி. இது சரியாகச் சொன்னால் கட்டியே அல்ல. ஓரிடத்தில் தமனி ரத்தம் கூடியதால் அங்கிருக்கும் இயல்பான கல்லீரல் செல்களே பெருகியிருக்கும். அதனால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த படத்தில் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாது. தமனிக் கட்டத்தில் ஒரே சீராக, பலமாக வெளுக்கும். போர்ட்டல் கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலோடு கலந்துவிடும், கறுக்காது. நடுவில் ஒரு வடு இருந்தால் அது டி2வில் வெளுத்து, தாமதக் கட்டத்தில் கான்ட்ராஸ்டை வாங்கிக்கொள்ளும். இளம் வயதினருக்கு வரும் ஃபைப்ரோலாமெல்லார் என்ற கல்லீரல் புற்றுநோயிலும் நடுவடு உண்டு. ஆனால் அந்த வடு பெரும்பாலும் டி2வில் கறுப்பாக இருக்கும், சுண்ணாம்புப் படிவும் காணப்படும், கட்டியும் பெரிதாக இருக்கும்.

கடாக்ஸெடேட் இங்கே கைகொடுக்கிறது. எஃப்.என்.ஹெச்.சில் இருப்பது வேலை செய்யும் கல்லீரல் செல். 20 நிமிடப் படத்தில் கல்லீரலுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வெளுக்கும், சில சமயம் வளையமாக வெளுக்கும். பெரும்பாலான அடினோமாக்கள் அப்போது கறுப்பாக இருக்கும். ஹெச்.சி.சி.யிலும் ஒரு சிறு பங்கு இந்த மருந்தை உறிஞ்சி வெளுக்கும் என்பதால், சிரோசிஸ் கல்லீரலில் ‘20 நிமிடத்தில் வெளுத்தது, ஆகவே சாது’ என்று வாதிட முடியாது.

புற்றுநோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களிடம்தான் எஃப்.என்.ஹெச். கொடுமையான குழப்பம் உண்டாக்குகிறது. பெருங்குடல் புற்றுக்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து பெற்றவர்களுக்கும், சிறுவயதில் கீமோதெரபி பெற்றுக் குணமானவர்களுக்கும் சில வருடங்கள் கழித்து இதைப் போன்ற முடிச்சுகள் பலவாகத் தோன்றலாம். கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்கள் மருந்தால் சேதமடைவதே காரணம். தொடர் கண்காணிப்பில் இருப்பவரின் கல்லீரலில் புதிதாக முடிச்சுகள் என்றால் யாருக்குமே முதலில் தோன்றுவது நோய் திரும்பிவிட்டது என்பதுதான். இங்கே ஒரு கடாக்ஸெடேட் எம்.ஆர்.ஐ. தேவையற்ற அறுவைச் சிகிச்சையையோ இன்னொரு சுற்றுக் கீமோவையோ தடுக்கக்கூடும்.

அடினோமா இந்தக் கட்டுரையின் தலைப்புக்குள் அரைகுறையாகத்தான் அடங்கும். சாதுக் கட்டிதான், ஆனால் வெடித்து ரத்தம் கசியலாம். பீட்டா-கட்டெனின் என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட வகை புற்றுநோயாகவும் மாறலாம். கருத்தடை மாத்திரை, அனபாலிக் ஸ்டீராய்டு, உடல்பருமன் இவற்றோடு தொடர்புடையது. பெண்களுக்கு மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைக்கச் சொல்லி, 6 மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பது ஐரோப்பிய வழிகாட்டு நெறி. 5 செ.மீ.க்குக் குறையாமல் நின்றாலோ வளர்ந்தாலோ அறுவைச் சிகிச்சை. ஆண்களுக்கு அளவு எதுவானாலும் எடுத்துவிடுவதே பரிந்துரை. புற்றாக மாறும் வாய்ப்பு அவர்களிடம் கூடுதல்.

கொழுப்பு

கொழுப்புக் கல்லீரல் பெருகியிருக்கும் காலம் இது. கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதில்லை. ஃபால்சிஃபார்ம் தசைநாரை ஒட்டியும், பித்தப்பைக் குழியைச் சுற்றியும், நான்காம் பிரிவின் பின்பக்கம் போர்ட்டல் சிரைக்கு முன்னாலும் அது தனியாகத் திரளும், அல்லது அந்த இடங்களை மட்டும் விட்டுவிடும். அந்தப் பகுதிகளுக்குக் குடலிலிருந்து வரும் பொது ரத்தத்தோடு, இரைப்பை, பித்தப்பை, வயிற்றுச் சுவர்ச் சிரைகளிலிருந்து தனி ரத்தமும் சேர்வதுதான் காரணம்.

அல்ட்ராசவுண்டில் கொழுப்புக் கல்லீரல் வெளுப்பாக இருக்கும். அதில் கொழுப்புப் படியாத பகுதி கறுப்புத் திட்டாக, கட்டி போலவே தெரியும். இதே பின்னணியில் வழக்கமாக வெளுப்பாகத் தெரிய வேண்டிய ஹெமாஞ்சியோமாவும் கறுப்பாகத் தெரியும். கொழுப்பு முடிச்சு முடிச்சாகப் பல இடங்களில் படிந்துவிட்டால், பரவிய புற்றுநோய் என்றே அறிக்கை எழுதும் அபாயம் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் இன்-ஃபேஸ், ஆப்போஸ்டு-ஃபேஸ் படங்கள் இதை நிமிடங்களில் தீர்க்கும். 1.5 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 2.3 மில்லிநொடியில் எடுப்பது ஆப்போஸ்டு-ஃபேஸ், 4.6இல் எடுப்பது இன்-ஃபேஸ். கொழுப்பும் நீரும் கலந்த இடம் ஆப்போஸ்டு-ஃபேஸில் மட்டும் கறுக்கும். ஆனால் ஹெச்.சி.சி.க்குள்ளும் அடினோமாவுக்குள்ளும் கொழுப்பு இருக்கலாம். எனவே ‘கொழுப்பு இருக்கிறது, ஆகவே புற்று இல்லை’ என்பது தப்பு. ரத்தக்குழாய்கள் தள்ளப்படாமல் திட்டின் ஊடே நேராக ஓடுகின்றனவா, பிதுக்கம் இல்லையா, தமனிக் கட்டத்தில் தனி வெளுப்பு இல்லையா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நிம்மதி.

சிரோசிஸ் கல்லீரலுக்குள்

இங்கேதான் தவறு இரண்டு பக்கமும் விலை கேட்கும். சிரோசிஸ் என்றாலே கல்லீரல் முழுக்க மறுவளர்ச்சி முடிச்சுகள். அவற்றில் சில, செல்கள் இயல்பு மாறிய டிஸ்பிளாஸ்டிக் முடிச்சாகி, அவற்றில் சில ஹெச்.சி.சி.யாகும். இது படிகளற்ற சரிவு என்பதால் படத்தில் கோடு கிழிப்பது சிரமம். போர்ட்டல் ரத்தம் குறையத் தொடங்கி, தமனி ரத்தம் இன்னும் கூடாத நிலையில் முடிச்சு ஹெபடோபிலியரி கட்டத்தில் மட்டும் கறுப்பாகத் தெரியும். தமனிக் கட்டத்தில் வெளுக்காது. இவற்றை எல்.ஆர்.-3 (இடைநிலைச் சந்தேகம்) என்றோ எல்.ஆர்.-4 என்றோ வைத்துத் தொடர்ந்து பார்ப்பார்கள். 10 மி.மீ.க்குக் குறைந்த எதையும் எல்.ஆர்.-5 என்று சொல்ல விதி இடம் கொடுப்பதில்லை.

கன்ஃப்ளூயன்ட் ஃபைப்ரோசிஸ் எனப்படும் அடர்ந்த நார்த்திசு இன்னொரு ஏமாற்றுக்காரன். 4, 5, 8ஆம் பிரிவுகளில், கல்லீரல் வாயிலிலிருந்து மேல்தோலை நோக்கி விரியும் ஆப்பாக இருக்கும். தாமதக் கட்டத்தில் மெல்ல வெளுக்கும். பித்தநாளப் புற்றோ, பரவலாக ஊடுருவும் ஹெச்.சி.சி.யோ என்று சந்தேகிக்க வைக்கும். கட்டி பெரும்பாலும் இடத்தை அடைத்து வெளியே தள்ளும். நார்த்திசு சுருங்கி மேல்தோலை உள்ளே இழுக்கும். அதனுள் ரத்தக்குழாய்கள் நெருங்கிக் கிடக்கும். முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் அந்தப் பகுதி வருடத்துக்கு வருடம் சிறுத்திருக்கும். சிறுப்பது புற்றின் குணம் அல்ல.

பட்-கியாரி நோயில் கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் பாதை அடைபட்டு, தமனி ரத்தம் மிகுந்து, 1 முதல் 4 செ.மீ. வரை பல முடிச்சுகள் வளரும். தமனிக் கட்டத்தில் பளிச்சென்று வெளுக்கும்; சில வாஷ்அவுட்டும் காட்டும். ஹெச்.சி.சி. வாய்பாடு இவற்றுக்கு அச்சாகப் பொருந்துவதால்தான், முன்னே சொன்ன விதிவிலக்குப் பட்டியலில் இந்த நோய் இடம்பெற்றது.

சீழ், அழற்சி, பிற

சீழ்க்கட்டியும் உள்ளே செத்துப்போன புற்றுக்கட்டியும் சி.டி.யில் ஒன்றுபோலத் தெரியலாம். இரண்டுக்கும் வளைய வெளுப்பு, நடுவில் கறுப்பு. பல சின்னச் சீழ்ப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருப்பது சீழின் பக்கம் சாயும். டிஃப்யூஷன் படம் நன்றாக உதவும். கெட்டியான சீழில் நீர் மூலக்கூறுகள் நகர முடியாததால் நடுப்பகுதி பளிச்சிடும். புற்றில் உயிருள்ள ஓரம் பளிச்சிடும், செத்த நடுப்பகுதி பெரும்பாலும் பளிச்சிடாது. காய்ச்சலும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு உயர்வதும் துணைச் சாட்சிகள். வயதானவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் காய்ச்சல் இல்லாமலும் சீழ் இருக்கும். உறிஞ்சி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதுதான் முடிவான பதில். அனுப்பும்போது செல் பரிசோதனைக்கும் சேர்த்து அனுப்புவது நல்லது. புற்றுக்கட்டிக்குள்ளேயே சீழ் பிடித்திருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அமீபாச் சீழ்க்கட்டி மருந்தால் குணமான பின்னும் அதன் குழி பல மாதங்கள் ஸ்கேனில் தெரியும். அதைப் பார்த்து நோய் மீண்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

காசநோய்க் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயின் முடிச்சுகள், ஒட்டுண்ணிகளால் வரும் புண்கள், ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த அழற்சித் திரள் ஆகியவை பரவிய புற்றுநோயாகவும் பித்தநாளப் புற்றாகவும் வேடம் போடும். அல்வியோலார் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நோய் உண்மையான புற்றைப்போலவே ஊடுருவி வளரும். இவற்றில் படம் வழி காட்டும். முடிவு சொல்வது திசுவோ ரத்தப் பரிசோதனையோதான்.

இன்னும் சில அரியவை. பிறவியிலேயே இருக்கும் பித்தநாள ஹமார்ட்டோமாக்கள் 1.5 செ.மீ.க்குக் குறைந்த நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சி.டி.யில் சிதறிக் கிடந்து பரவிய புற்றுநோயோ என்று மிரட்டும், பித்தநாள எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொன்றும் சின்ன நீர்ப்புள்ளி என்று தெரிந்துவிடும். விபத்தில் மண்ணீரல் சிதைந்தவர்களுக்கு அதன் துணுக்குகள் கல்லீரலின் மேல்தோலில் ஒட்டி வளர்ந்து ஹெச்.சி.சி. போலவே தமனிக் கட்டத்தில் வெளுக்கும். பழைய மண்ணீரல் அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும். டெக்னீசியம் ஏற்றிச் சூட்டால் சேதப்படுத்திய சிவப்பணுக்களைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன் அதை உறுதிசெய்யும். உதரவிதானத்தின் தசைமடிப்பு கல்லீரலை உள்ளே அழுத்தும் இடம் அல்ட்ராசவுண்டில் கட்டியாகத் தோன்றும். மூச்சை இழுத்து விடச் சொல்லி, கருவியைத் திருப்பிப் பார்த்தால் நீண்ட பட்டையாகிவிடும். எம்.ஆர்.ஐ.யில் மகாதமனியின் துடிப்பு இடது மடலின் மேல் போலி உருண்டைகளை அச்சடிக்கும்; ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் இருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

சந்தேகம் தீராதபோது

ஏ.எஃப்.பி. என்ற ரத்தக் குறிகாட்டியை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். ஹெபடைடிஸ் தீவிரமாகும்போதும் கர்ப்பத்திலும் புற்று இல்லாமலே அது உயரும். சின்ன ஹெச்.சி.சி. பலவற்றில் இயல்பாகவே இருக்கும். பித்தநாளம் அடைபட்டிருக்கும்போது சி.ஏ.19-9 என்ற இன்னொரு குறிகாட்டி உயர்வதற்கும் புற்றுதான் காரணம் என்று கொள்ள முடியாது. சர்க்கரையை அதிகம் உள்வாங்கும் இடங்களை ஒளிரச் செய்யும் பெட் ஸ்கேனும் கல்லீரலில் நம்பகமான நடுவர் அல்ல. நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட ஹெச்.சி.சி. உள்வாங்கிய சர்க்கரையை மறுபடி வெளியே விட்டுவிடுவதால் பெட்டில் ஒளிராமல் போகலாம். சீழ்க்கட்டியும் கிரானுலோமாவும் ஜோராக ஒளிரும்.

கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம் என்பதே எங்கள் கருத்து. அதில் செலுத்தும் நுண்குமிழிகள் ரத்தக்குழாயை விட்டு வெளியேறுவதில்லை. பொய் வாஷ்அவுட் தொந்தரவு இல்லை. நொடிக்கு நொடி பார்க்க முடிவதால், ஒரே மூச்சில் நிரம்பும் ஹெமாஞ்சியோமாவுக்குள் குமிழிகள் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடுவதைக்கூடப் பிடித்துவிடலாம். எஃப்.என்.ஹெச்.சில் நடுவிலிருந்து ஆரங்களாக விரிவது தெரியும். ஹெச்.சி.சி. 60 நொடிக்குப் பிறகு மெதுவாக, லேசாகக் கறுக்கும். பித்தநாளப் புற்று 60 நொடிக்குள்ளேயே கறுத்துவிடும்.

எல்லாவற்றிலும் மலிவான பரிசோதனை பழைய ஸ்கேனைத் தேடி எடுப்பது. அறிக்கைத் தாளைவிடப் படங்கள் உள்ள குறுந்தகடு அல்லது கோப்பு முக்கியம். லை-ராட்ஸ் கணக்குப்படி, 6 மாதத்துக்குள் 50 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ந்தால்தான் அது பொருட்படுத்தத்தக்க வளர்ச்சி. 10 மி.மீ. 12 ஆனது பெரும்பாலும் அளந்தவர் கைமாறியதன் விளைவு. ஒரே வகை ஸ்கேன், ஒரே கட்டம், ஒரே திசை என்று வைத்து, வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளக்க வேண்டும். தமனிக் கட்டத்தில் அளப்பதைத் தவிர்ப்பது நல்லது. சுற்றியுள்ள ரத்த ஓட்ட வெளுப்பும் சேர்ந்து கட்டியைப் பெரிதாக்கிக் காட்டும். கல்லீரல் நோயோ புற்றுநோய் வரலாறோ இல்லாதவரிடம் 1 செ.மீ.க்குக் குறைந்து, சந்தேக அடையாளம் எதுவும் இல்லாத தற்செயல் புள்ளிக்கு மறு ஸ்கேனே தேவையில்லை என்று அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் 2017 பரிந்துரை சொல்கிறது.

பயாப்சிக்கு இடம் உண்டு, ஆனால் கடைசியில். ஹெச்.சி.சி.யில் ஊசிப் பாதையில் புற்றுச் செல் ஒட்டி வளரும் வாய்ப்பு சுமார் 2 முதல் 3 சதவீதம். ரத்தக் கசிவைக் குறைக்க, ஊசி முதலில் சாதாரணக் கல்லீரல் திசுவைக் கடந்து கட்டிக்குள் போகும்படி பாதையைத் தேர்ந்தெடுப்பார்கள். சின்ன முடிச்சில் ‘புற்று இல்லை’ என்று பதில் வந்தால் கேள்வி முடிந்ததாகாது. ஊசி பக்கத்தில் விழுந்திருக்கலாம். டிஸ்பிளாஸ்டிக் முடிச்சா, ஆரம்ப ஹெச்.சி.சி.யா என்ற இடத்தில் நோயியல் நிபுணர் கிளிபிக்கான்-3, ஹெச்.எஸ்.பி.70, குளூட்டமின் சிந்தடேஸ் ஆகிய மூன்று சாயங்களைப் பார்ப்பார். மூன்றில் இரண்டு நேர்மறையானால் ஹெச்.சி.சி. பக்கம் சாய்வார். இந்தக் குளூட்டமின் சிந்தடேஸே எஃப்.என்.ஹெச்.சில் வரைபடம் போன்ற திட்டுகளாகப் படிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். இதற்கெல்லாம் கட்டியின் துண்டோடு, சற்றுத் தள்ளியுள்ள சாதாரணக் கல்லீரலின் ஒரு துண்டும் அவர் மேசைக்குப் போக வேண்டும். பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாமல் எஃப்.என்.ஹெச்.சின் செல்லையும் அடினோமாவின் செல்லையும் பார்ப்பவருக்கு இரண்டுமே வெறும் கல்லீரலாகத்தான் தெரியும்.